ஈரா இருக்கிறாளா, இல்லையா

காஹாங்
10 மார்ச் 2025

விஜிதா அக்காவுக்கு,

சனிக்கிழமை மாலை நான்கு பத்துக்கு 'ஆழ்நிலையம்' தொடரின் முடிவைக் குழுவில் எழுதியவன் நான்தான். நான்கு பதினொன்றுக்கு நீங்கள் குழுவைவிட்டு வெளியேறினீர்கள். நான்கு பதினைந்துக்கு என் எண்ணையும் அடைத்துவிட்டீர்கள். நடந்தது இவ்வளவுதான். இதில் மறுப்பதற்கு எனக்கு எதுவும் இல்லை.

போன் அடைபட்டதால் தபாலில் வருகிறேன். உங்கள் முகவரி என்னிடம் இருப்பது உங்கள் தம்பி போட்ட விதியால். ஜெயபாலன் ஒரு தொடரில் கொலைகாரன் தோட்டக்காரன் என்று எழுதி, பிறகு அதை அழித்துவிட்டு, "நான் அப்பவே டாக்டர்னு சொன்னேன்லா" என்று சாதித்தது நினைவிருக்கும். அன்றைக்குத் தேவானந்தன் குரல் செய்தி போட்டார். "இனிமே ஊகம் எல்லாம் தாள்ல. உறையில ஒட்டித் தபால்ல போடுங்க. தபால் முத்திரையை யாரும் அழிக்க ஏலாது. எல்லாரும் கடைசி அத்தியாயம் பாத்து முடிஞ்ச பிறகுதான் உறை பிரிக்கணும்." என் கடையில் இரும்புப் பெட்டி இருந்ததால் உறைகளைக் காக்கும் வேலை எனக்கு வந்தது.

டிவித் தொடர் பார்த்து முடிவை ஊகிக்க ஐந்து பேர் ஏழு வருடம் முன்பு போனில் சேர்ந்த குழு. அக்கா தம்பி உங்கள் இருவரைத் தவிர ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. நீங்களும் தேவானந்தனும் சிகாமட்டில் ஒரே வீட்டில். கஸ்தூரி ஜோகூர் பாருவில். ஜெயபாலன் லாரியில், எந்த ஊர் என்று அவனுக்கே தெரியாது. நான் காஹாங்கில், செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளும் உரமும் ரப்பர் பூட்சும் விற்கிறவன். விண்வெளியும் கொலையும் இல்லாவிட்டால் நாம் ஒருவரோடு ஒருவர் பேச எந்தக் காரணமும் இருந்திருக்காது.

தேவானந்தன் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவரோடு சேர்ந்து பார்த்த தொடர் என்று கடைசி அத்தியாயத்தை நீங்கள் தொடாமல் வைத்திருக்கிறீர்கள். பார்த்து முடித்தவர்கள் உங்களுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். நான் மூடவில்லை. ஏன் என்று கேட்டால் இப்போதைக்குப் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்கிறேன். ஏற்றுக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கவில்லை, கேட்க வேண்டியது என்பதால் கேட்கிறேன்.

இப்படிக்கு,
திருச்செல்வம்


சிகாமட்
17 மார்ச் 2025

திரு. திருச்செல்வம் அவர்களுக்கு,

கடிதம் 13ஆம் தேதி கிடைத்தது.

நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருடம் வாக்குமூலம் பதிவு செய்தவள் நான். உங்கள் கடிதத்தில் குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது, காரணம் மறைக்கப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் எதை உடைத்தீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜோகூரில் வெள்ளிக்கிழமை விடுமுறையாக இருந்த காலத்தில், வெள்ளி மூன்று மணிக்கு நானும் தேவாவும் திரைச்சீலைகளை இழுத்துவிடுவோம். அவன் பிரம்பு நாற்காலியில், நான் கட்டிலோரத்தில். வேறொரு கிரகத்தின் கடலடியில் ஆறு பேர். முதல் அத்தியாயத்திலேயே வானொலிக்காரி ஈரா காணாமல் போகிறாள். ஆனால் அவள் குரல் தினமும் வானொலியில் வந்து வானிலை வாசிக்கிறது. "தெற்கு நீரோட்டம் மிதம். வெளிச்சம் இல்லை. காத்திருக்கவும்." தேவா கூடவே சொல்லுவான். பச்சை வெளிச்சம் அவன் முகத்தில் அலையும். தொடர் முடிந்த பிறகு தன் பழைய ரேடியோவை எடுத்து, இரண்டு நிலையங்களுக்கு நடுவில் முள்ளை நிறுத்தி, அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு இருப்பான். "அக்கா, கடல் மாதிரி இருக்கு, கேளுங்கோ" என்பான். நான் சோறு வடிக்கப் போவேன்.

ஈரா எங்கோ உயிரோடு இருக்கிறாள் என்பது என் கட்சி. இல்லை, கடல் அவள் குரலைக் கற்றுக்கொண்டு பேசுகிறது என்பது உங்கள் கட்சி. நான்கு வருடம் அதற்காகச் சண்டை போட்டோம். அது வாதம். அன்று நீங்கள் எழுதியது தீர்ப்பு. "ஈரா முதல் நாளே செத்தாச்சு. பேசுனது கடல். முடிஞ்சது கதை." சரியாக இந்தச் சொற்கள்.

உண்மையா என்று கஸ்தூரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அக்கா, என்கிட்ட எதுவும் கேக்காதீங்க, ப்ளீஸ்" என்று அழாத குறை. மறுக்கவில்லை. மறுக்காததால் அது உண்மை என்று பதிவு செய்துகொண்டேன்.

இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் ஒரு மாலை முடியாமல் நின்றிருந்தது. நீங்கள் விளக்கைப் போட்டுவிட்டீர்கள்.

விஜிதா


காஹாங்
22 மார்ச் 2025

விஜிதா அக்காவுக்கு,

காரணத்தை மறைத்தேன் என்றீர்கள். சொல்கிறேன்.

நான் சொன்னது பொய். கடைசி அத்தியாயத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

என் தொழிலில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. எதிராளி வாய் திறக்காவிட்டால் வேண்டுமென்றே தப்பாக ஒன்றைச் சொல்லுவோம். "இந்த அரிவாள் நெட்டை மரத்துக்கு எட்டாது" என்றால், எட்டும் என்று நிரூபிக்க அவனே வாங்கிப் போவான். உங்களையும் அப்படி நினைத்தேன். கடல்தான் என்று அடித்துச் சொன்னால், ஆத்திரத்தில் போய்ப் பார்த்து, "பொய்லா செல்வம்" என்று திட்டுவீர்கள் என்று கணக்குப் போட்டேன். கணக்கு தப்பிவிட்டது.

பிறகுதான் எதில் மாட்டிக்கொண்டேன் என்று புரிந்தது. நான் சொன்னது தப்பு என்று கஸ்தூரி சொன்னால், அப்போதே ஈரா உயிரோடு இருப்பது தெரிந்துபோகும். சரி என்று சொன்னாலும் முடிவு வெளியாகிவிடும். அதனால் அந்தப் பெண் மௌனமாக இருந்தாள். அது ஒப்புதல் இல்லை, விதியைக் காப்பாற்றினாள். ஜெயபாலனிடம் நானே கேட்டேன்.

"டேய், நான் சொன்னது சரியா தப்பா?"

"அண்ணே, நீங்க இன்னும் பாக்கலயா?"

"பாக்கல."

"அப்ப உங்களுக்கும் சொல்ல முடியாது லா."

ஆக, நான் சொன்ன பொய் பொய்தானா என்று எனக்கே தெரியாது. குருட்டாம்போக்கில் உண்மையைச் சொல்லிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. என் மனைவி புஷ்பவள்ளி, "ஒரு பொய்யக்கூட உருப்படியா சொல்லத் தெரியல, எப்படித்தான் யாவாரம் பண்றீங்களோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் ஏன் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் தோற்றால் தேவானந்தன் சிரிக்கும் சிரிப்பு ஒன்று உண்டு. முதலில் மூக்கால் காற்று, பிறகு "செல்வம் அண்ணே" என்று ஓர் இழுப்பு. அந்தச் சிரிப்பு இல்லாமல் தோற்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

இனி மறைத்தது. என் இரும்புப் பெட்டியில் உங்கள் தம்பியின் உறை இருக்கிறது. கடைசி அத்தியாயத்துக்கான அவருடைய ஊகம். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பு தபாலில் போட்டிருக்கிறார். நான் பிரிக்கவில்லை. எல்லோரும் பார்த்த பிறகு உங்கள் முன்னால் பிரிக்கலாம் என்று காத்திருந்தேன். இந்த ஜனவரி மழையில் கூரை ஒழுகி, பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. உறைகளை அரிவாள் தொங்கும் கம்பியில் காயப்போட்டேன். மற்றவை தேறிவிட்டன. அவருடையதில் பூஞ்சை பிடித்து, மை வெளியே கசிய ஆரம்பித்திருக்கிறது. இன்னும் ஒரு மழைக்காலம் தாங்காது. அந்தப் பதற்றத்தில்தான் பொய் சொன்னேன். உறையைக் காட்டி உங்களைப் பார்க்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செத்தவரின் கையெழுத்தை வைத்துப் பேரம் பேசுகிறவன் நான் இல்லை என்று நினைத்தேன். பேசியதைவிட மோசமாகச் செய்துவிட்டேன்.

திருச்செல்வம்


சிகாமட்
29 மார்ச் 2025

திருச்செல்வம்,

இரண்டு வருடம். இரண்டு வருடமாக அவன் கையெழுத்து உங்கள் கடையில், உர மூட்டைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. நான் இங்கே அவன் மருந்துச் சீட்டுகளையும் மளிகைப் பட்டியல்களையும் புரட்டிக்கொண்டிருந்தேன், "பால், பேட்டரி, அக்காவுக்கு மாம்பழம்" என்பதை எத்தனை தடவை வாசிக்க முடியும்?

அவன் அதை எப்போது அனுப்பினான்? முத்திரையில் என்ன தேதி? என்னிடம் சொல்லாமல் எப்படிப் போட்டான்? நான் அந்த வாரம் உறையே எழுதவில்லை. காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன்.

உறை என்னுடையது. அனுப்பிவையுங்கள். விதி, வழக்கம் எதுவும் சொல்லாதீர்கள்.

நேற்றுப் பிற்பகல் மழையில் தூங்கிவிட்டேன். கனவில் சிகாமட் ஆறு வீட்டுக்குள் வந்திருந்தது, ஆனால் வெள்ளம் மாதிரி இல்லை. தெளிவாக, பச்சையாக, சீலிங்வரை நிறைந்து, அசையாமல். பிரம்பு நாற்காலி மிதக்காமல் தரையிலேயே இருந்தது. எனக்கு மூச்சு முட்டவில்லை. ரேடியோ மட்டும் எங்கோ பேசியது, என்ன சொன்னது என்று கேட்கவில்லை. விழித்தபோது தலையணை ஈரம். இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. குழுவில் இருந்திருந்தால் அங்கே எழுதியிருப்பேன்.

விஜிதா


காஹாங்
3 ஏப்ரல் 2025

விஜிதா அக்காவுக்கு,

முத்திரையில் 24 பிப்ரவரி 2023. மார்ச் ஆரம்பத்தில் சிகாமட்டில் வெள்ளம். தகனம் ஐந்தாம் தேதி. உறை எனக்குக் கிடைத்தது பதினான்காம் தேதி. அவர் போய்விட்டார் என்று தெரிந்த பிறகு அவர் கையெழுத்தில் என் பெயர் வருகிறது. தபால்காரர் அதை உர ரசீதுகளோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். கடையில் வேலை செய்யும் செல்லப்பன், "முதலாளி, என்ன, வரிக் கடிதமா, முகம் இப்படிப் போகுது?" என்று கேட்டான்.

நான் தகனத்துக்கு வரவில்லை என்று உங்களுக்கு ஒரு மனக்குறை இருக்கும். நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கடை லாரியில் கிளம்பி லாபிஸ் வரைக்கும் வந்தேன். அங்கே சாலை தண்ணீருக்கடியில். இரண்டு பக்கமும் செம்பனைத் தோப்பு, மரங்களின் அடி தெரியவில்லை, மட்டைகள் மட்டும் தண்ணீருக்கு மேல். வானமும் தண்ணீரும் ஒரே நிறம். எஞ்சினை அணைத்தபோது ஒரு சத்தமும் இல்லை. ஆழ்நிலையத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள், உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன். ஈரா பேசுவாள் என்று ரேடியோவைக்கூடப் போட்டேன். ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு வண்டியைத் திருப்பினேன். அன்றிலிருந்து மாலையில் கடையைச் சாத்திவிட்டு வரும்போதெல்லாம் தோப்புக்குள் பனி இறங்கினால் எனக்கு அது கடலடிதான். ஐம்பத்துநாலு வயது வியாபாரி வெளியில் சொல்லுகிற விஷயம் இல்லை இது.

உறையைத் தபாலில் அனுப்ப மாட்டேன். ஒரு வெள்ளம், ஒரு கூரை ஒழுகல், இரண்டும் பார்த்துவிட்டது. இன்னொரு பயணம் தாங்காது. நானே கொண்டுவந்து உங்கள் கையில் கொடுக்கிறேன். கடைசி அத்தியாயத்தை நீங்கள் பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி. வாசலில் நின்று கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

நான் முதலில் மோட்டார் சைக்கிளில் கையுறை விற்க ஆரம்பித்தவன். அன்றிலிருந்து இன்றுவரை பேரம் இல்லாமல் ஒரு சாமானையும் கைமாற்றியதில்லை. இதற்குப் பேரம் இல்லை. நாள் மட்டும் சொல்லுங்கள்.

திருச்செல்வம்


சிகாமட்
9 ஏப்ரல் 2025

செல்வம்,

லாபிஸ்வரை வந்தது எனக்குத் தெரியாது. அன்று நூறு பேர் வந்திருக்க வேண்டிய வீட்டில் பதினோரு பேர். வராதவர்களை எண்ணி வைத்திருந்தேன், உங்களையும் சேர்த்து. ஒன்றைக் குறைத்துக்கொள்கிறேன்.

பேரத்தை நீங்கள் விட்டுவிட்டீர்கள். நான் விதியை விடுவதாக இல்லை. உறையைக் கேட்டு எழுதிய கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வரும்போதே அவன் குரல் கேட்டது. "அக்கா, நீங்களே விதியை மீறினா ஜெயபாலனை எப்படிக் கேக்கிறது?" அவன் விதி. எல்லோரும் பார்த்த பிறகுதான். பார்க்காதவர்கள் இப்போது இரண்டு பேர், நீங்களும் நானும்.

ஏப்ரல் 20, ஞாயிறு, மூன்று மணிக்கு வாருங்கள். உங்களுக்கு மேசைப் பக்கத்து நாற்காலி. பிரம்பு நாற்காலியில் உட்காரக் கூடாது, அதில் எதையும் வைக்கவும் கூடாது. அத்தியாயம் ஐம்பத்திரண்டு நிமிடம். நீங்கள் நடுவில் பேசுகிறவர் என்று தேவா சொல்லியிருக்கிறான், குரல் செய்தியில் எச்சில் விழுங்கும் சத்தம்கூடக் கேட்கும் என்பான். பேசக் கூடாது. பெயர்கள் ஓடி முடியும்வரை உறையை வெளியே எடுக்கக் கூடாது.

அத்தியாயத்தின் பெயர் 'கடைசி வானிலை' என்று திரையின் முகப்பில் போட்டிருக்கிறது. அதுவரைக்கும் பார்த்துவிட்டு டிவியை அணைத்தேன். ரிமோட்டைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். நீங்கள் வந்த பிறகுதான் எடுப்பேன்.

குளுவாங் வழியாக வந்தால் கிழங்கு வைத்த கறிபாப் வாங்கி வாருங்கள். தேவா இரண்டு போதும் என்பான், நான்கு சாப்பிடுவான்.

விஜிதா


சிகாமட்
23 ஏப்ரல் 2025

செல்வம்,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். தட்டில் மிச்சம் இருந்த கறிபாப்பைத் திங்கள்கிழமை நான்தான் சாப்பிட்டேன்.

முடிவைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். பக்கத்து வீட்டு ஷர்மினிதான் என் கடிதங்களைத் தபாலில் சேர்க்கிறாள். நாம் பார்த்ததைக் கேட்டு அவளும் முதல் அத்தியாயம் ஆரம்பித்துவிட்டாள். பசை சரியில்லாத உறை இது. அவள் இப்போது உங்கள் கட்சி, கடல்தான் பேசுகிறதாம். நான் முகத்தை ஒரு மாதிரியும் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கஸ்தூரி பட்ட பாடு புரிந்தது. நேற்று அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஐம்பத்திரண்டு நிமிடமும் நீங்கள் பேசவே இல்லை. கடைசி வானிலையை அந்த வானொலிக் குரல் வாசித்தபோது, திரை முழுவதும் பச்சையாகி, அறைக்குள் சுவரே இல்லாத மாதிரி ஆனபோது, உங்கள் பக்கம் மூக்கால் ஒரு காற்று மட்டும் வந்தது. ஒரு நொடி நான் திரும்பிப் பார்த்தது நீங்கள் இருந்த பக்கம் அல்ல, நாற்காலிப் பக்கம்.

நீங்கள் போன பிறகு தேவாவின் தாளை மறுபடி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நாம் அன்று வாசித்ததற்கு மேல் எதுவும் தேறவில்லை. 'ஈரா' என்ற முதல் சொல். அதற்குப் பிறகு நான்கு வரி நீல மேகம். அவன் என் கட்சியா உங்கள் கட்சியா, தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. எனக்கு அதில் வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

கீழே உள்ள பந்தயம் மட்டும் தெளிவு. "தோற்றால் என் ரேடியோ செல்வம் அண்ணனுக்கு. ஜெயித்தால் அண்ணன் ஒரு தடவையாவது சிகாமட் வர வேணும்."

வழக்கு இப்படி நிற்கிறது. அவன் ஜெயித்தானா தோற்றானா என்பதற்குச் சாட்சியம் இல்லை. ஆனால் ஜெயித்தால் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது, நீங்கள் வந்துவிட்டீர்கள். அதனால் ரேடியோ எனக்கு என்று வாதாடலாம். ஆனால் பந்தயம் என்று தெரியாமலே வந்தீர்கள், அதனால் அது வரவாகாது, ரேடியோ உங்களுக்கு என்றும் வாதாடலாம். இரண்டு பக்கமும் எனக்கே சரியாகத் தெரிகிறது. ஆறு மாதம் எனக்கு, ஆறு மாதம் உங்களுக்கு என்று வைத்துக்கொள்ளலாமா? இது என் யோசனை. இனி நீங்கள் பேரம் பேசலாம், அனுமதி உண்டு.

விஜிதா

பி.கு.: உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் இதற்குப் பதில் தபாலில் வரட்டும். முத்திரை வேண்டும்.


காஹாங்
28 ஏப்ரல் 2025

விஜிதா அக்காவுக்கு,

பேரம் பேச அனுமதி கொடுத்துவிட்டீர்கள், பேசாவிட்டால் மரியாதையாக இருக்காது.

ஆறு மாதம் சம்மதம். எந்த ஆறு மாதம் என்பதில் எனக்கு ஒரு பேச்சு உண்டு. சிகாமட் ஆறு எப்போது வீட்டுக்குள் வரும் என்று அதற்கே தெரியாது. மழை மாதங்களில் ரேடியோ உங்களிடம் இருக்கக் கூடாது. என் கூரையும் ஒழுகியதுதானே என்று கேட்பீர்கள். போன வாரம் முழுக் கூரையையும் மாற்றிவிட்டேன். செல்லப்பன் மேலே ஏறி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் காட்டினான். "முதலாளி, இனிமே ஒழுகுனா அது மழை இல்ல, என் வேர்வை" என்றான்.

புஷ்பவள்ளிக்கு எல்லாம் சொன்னேன். "அவுங்க தனியா இருப்பாங்க, உங்க குழுவுல நானும் வந்தா என்ன?" என்று கேட்டாள். அவள் கட்சி என்ன தெரியுமா? ஈராவும் இல்லை, கடலும் இல்லை, அந்தச் சமையல்காரன் குரலை மாற்றிப் பேசுகிறானாம். இரண்டு அத்தியாயம்தான் பார்த்திருக்கிறாள். நானும் முகத்தை ஒரு மாதிரியும் வைக்கவில்லை.

அன்று நீங்கள் காப்பி போடப் போனபோது ரேடியோவை ஒரு நிமிடம் போட்டுப் பார்த்தேன். கேட்காமல் தொட்டது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். முள் 9க்கும் 10க்கும் நடுவில் நின்றிருந்தது. இரண்டு வருடமாக அங்கேதான் நிற்கிறது என்று தூசியைப் பார்த்தாலே தெரிந்தது. இரைச்சல் வந்தது. அடியில் ஏதோ மெல்ல ஏறி இறங்கியது. சொல் எதுவும் இல்லை. லாபிஸில் ரேடியோவைப் போட்டபோது கேட்டது இதுதான்.

ஆகவே முடிவானது இது. மே முதல் அக்டோபர்வரை ரேடியோ சிகாமட்டில் உங்களிடம். நவம்பர் முதல் ஏப்ரல்வரை காஹாங்கில் என்னிடம், தரையில் அல்ல, மேல் தட்டில். கைமாற்றும் இடம் இரண்டு பேருக்கும் நடுவில் ஆயர் ஈத்தாம், பூச்சட்டிக் கடைகளுக்கு எதிரில் உள்ள காப்பிக் கடை, மே, நவம்பர் மாதங்களின் முதல் சனிக்கிழமை காலை பத்து மணி. கொண்டுவருகிறவர் காப்பி வாங்க வேண்டும், வாங்கிப் போகிறவர் கறிபாப். பேட்டரி அவரவர் செலவு. யாரிடம் இருந்தாலும், எந்த மாதமானாலும், தேவானந்தன் விட்ட இடத்திலிருந்து முள்ளை நகர்த்தக் கூடாது.

திருச்செல்வம்